ஆறாம் விரலை அழிக்காதவள்

மாண்புமிகு தலைவர் அவர்களே! வண்ணம் குழைத்தே வயிறு வளர்க்கும் ஓவியப் பெருமக்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் மடிப்பையில் உலர்திராட்சையுமாக வந்திருக்கும் தாய்மாரே! "இந்த ரொட்டிக்காரிக்கு மேடையில் என்ன வேலை?" என்று பின்னால் நின்று முணுமுணுக்கும் தம்பிமாரே! உங்களுக்கும் சேர்த்து இந்தச் சபோஹத்தின் வணக்கம்!

என்ன தம்பி, கேட்கவில்லையா? நம் கோகந்த் ஊர்ச் சந்தையில் கூவிக் கூவி ரொட்டி விற்றவளப்பா நான். இந்த ஒலிபெருக்கியை அணைத்துவிட்டே பேசட்டுமா? சரி, வேண்டாம், தலைவர் ஐயா பயப்படுகிறார்.

ஓவியத் திருவிழாவின் நிறைவு நாளில் என்னை ஏன் அழைத்தார்கள்? இந்தச் சுவரின் நடுவே மாட்டியிருக்கிறதே ஒரு படம், ரொட்டி மாவில் அச்சுக் குத்தும் ஒரு கை, அது எங்கள் வீட்டுக் கை! எண்ணிவிட்டீர்களா? ஆமாம், ஆறு விரல்தான்.

போன வருடம் இதே மண்டபத்தில் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். மறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்! முலாம்பழம் விற்கும் ஒருத்தி தன் மகனுக்குத் தேநீர் ஊற்றும் படம். நடுவர்கள் பார்த்தார்கள், பரவசப்பட்டார்கள், பரிசைத் தூக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் ஒரு சுட்டிப்பெண் கேட்டாள்: "ஏம்ப்பா, அந்தக் கெட்டிலுக்கு ஏன் ரெண்டு மூக்கு?" அவ்வளவுதான்! பரிசு வாங்கிய மகானுபாவன் தூரிகையைத் தொட்டதே இல்லையாம். செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி எழுதிக் கேட்டிருக்கிறான், அது போட்டுத் தந்திருக்கிறது. ஊரே சிரித்தது. சும்மா சொல்லக்கூடாது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஏமாந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும்? சந்தேகம் வரும்! இந்த வருடம் நடுவர்கள் பூதக்கண்ணாடியோடு வந்தார்கள். கழுதைப் படம் என்றால் காலை எண்ணினார்கள், கல்யாணப் படம் என்றால் காதை எண்ணினார்கள்.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். ஊருக்கு அவர் கோமில், அதாவது குறையில்லாதவர். ஆனால் பிறந்த ஊரான நமங்கானில் வைத்த பெயர் ஓர்திக். கூடுதல் விரலோடு பிறக்கும் பிள்ளைக்கு நம்மவர்கள் வைக்கிற பெயர்தானே அது? பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி தாங்காமல், பிழைக்க இங்கே வந்தபோது பெயரையும் மாற்றினார், கையையும் மறைத்தார். தந்தூர் அடுப்புக்குள் ரொட்டி ஒட்டுகிறவர் கையுறை போட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? கடையை விட்டு வெளியே வந்தால் அந்தக் கை அங்கிப் பைக்குள் போய்விடும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு காலையில் முஹய்யோ வந்தாள். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பெண். அடுப்பை வரைய வந்தவள், அவர் அச்சுக் குத்தக் கையுறையைக் கழற்றியதைப் பார்த்துவிட்டாள். என் மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே, அழகா இருக்கு. வரையட்டுமா?" என்றாள்.

"வரைம்மா. ஆனா யாரு கைன்னு மட்டும் வாயைத் திறக்கக்கூடாது."

"திறக்க மாட்டேண்ணே."

திருவிழாவின் முதல் நாள் படம் இங்கே வந்தது. "ஆறு விரலா? பிடிச்சேன் திருட்டை!" என்று குதித்தவர் யார்? சொல்லட்டுமா ஐயா? இதோ, தலைமை தாங்கும் நம் இஸ்மத்துல்லா ஐயாவேதான்! சிரிக்கிறார் பாருங்கள், தங்கமான மனிதர்.

"மெஷினுக்குத்தாம்மா விரலை எண்ணத் தெரியாது. நீ வரைஞ்சதுன்னா சொல்லு, இது யாரு கை?"

அவள் படத்தையே பார்த்தபடி நின்றாள்.

"புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவ நீ. ஏமாத்துக்காரின்னு பேரு வாங்கிட்டு நாளைக்கு எப்படி வகுப்புக்குப் போவ?"

பேசவில்லை! "ரொட்டிக்கடை கோமில்" என்று சொன்னால் பழி போகும், பரிசு வரும். சொன்னாளா? கண்ணில் நீர் முட்டியதே தவிர வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் அவர் பக்கத்தில் நின்ற எனக்கு நாக்குத் துடித்தது. ஆனால் ரகசியம் என்னுடையது இல்லையே! என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். சந்தேகமிருந்தால் என் மருமகளைக் கேளுங்கள்.

ஐயாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "சரிம்மா, ஒண்ணு பண்ணு. அந்த ஒரு விரலை மட்டும் பெயின்ட் வச்சு மூடிடு. படத்தை மாட்டிடறோம்."

அப்போதுதான் பேசினாள். "முடியாதுங்கய்யா. அஞ்சா வரைஞ்சா அது அவரு கை இல்ல." படத்தை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் நின்றவரைக் காணோம்! மேடையில் ஏறிக்கொண்டிருக்கிறார். அங்கிப் பைக்குள்ளிருந்து கையை எடுத்து, விரித்து, தலைக்கு மேல் தூக்கினார். "என் கைங்க இது. எம் பேரு கோமில் இல்ல, ஓர்திக்."

நம் ஐயா என்ன செய்தார் தெரியுமா? கிட்டே வந்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், அந்த விரலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார்!

"ஐயோ, இழுக்காதீங்கய்யா! ஒட்டவச்சது இல்ல, எங்கம்மா குடுத்தது!"

நீங்களெல்லாம் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள். நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

அன்பர்களே, அந்த விரலை அவள் மூடியிருந்தால் உங்களில் ஒருவராவது ஐயப்பட்டிருப்பீர்களா? அசல், அசல் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பீர்கள். ஆனால் அதுதானே போலி? குற்றமே சொல்ல முடியாத கை பொய்; குறையென்று ஒளித்த கை மெய்! இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் கடைப் பலகைக்குப் படம் போட்டுக்கொடுத்தது அதுதான், கீழே அப்படியே எழுதியும் வைத்திருக்கிறோம். பொய் கருவியிலா இருக்கிறது? "நான் வரைந்தேன்" என்று கூசாமல் சொல்லும் வாயில் இருக்கிறது! இயந்திரம் ஐந்தும் போடும், ஆறும் போடும், ஏழும் போடும். ஒரு விரலுக்காக அவமானப்பட்டு நிற்குமா? முஹய்யோ நின்றாள்! அவள் நின்றதால் அவரும் நின்றார்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், இடையிடையே கொட்டாவியை மென்று விழுங்கிய இளையோர்க்கும் நன்றி. அமைதியும் நலமும் உங்கள் எல்லோர் வீட்டிலும் நிறையட்டும்!

போகும்போது ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. எங்கள் கல்யாணத்தன்று என் பெரியண்ணன் கை நீட்டினான். ஆறு விரல் வலக்கை பைக்குள் இருக்க, இவர் நெஞ்சில் இடக்கையை வைத்துத் தலைகுனிந்துவிட்டு நகர்ந்தார். "திமிர் பிடிச்சவன்" என்றான் அண்ணன், அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தத் திமிர் பிடித்தவர் இன்று அந்தக் கையை மறைக்காமல் வாசலில் நிற்கிறார். ஒவ்வொருவராகக் கை குலுக்கிவிட்டுப் போங்கள். அதோ, முதல் ஆளாக அவர் கையை யார் பிடித்திருப்பது? என் பெரியண்ணனா? அண்ணே, அழுதது போதும், கையை விடு! உனக்குப் பின்னால் ஊரே வரிசையில் நிற்கிறது!