பொங்கப்படி போன வீடு

— மொதல்ல பந்தியில உக்காருங்க அண்ணாச்சி. விசாரணையெல்லாம் சோத்துக்கு அப்புறம்.

— நான் சாப்பிட வரல யக்கா. இங்கன ஒரு பொண்ணு இருக்காம். அதப் பத்தி நாலு வார்த்த கேட்டுட்டு...

— பொண்ணப் பத்திக் கேக்க வந்தாலும் சரி, மின்சாரக் கணக்கு எடுக்க வந்தாலும் சரி, மத்தியானம் இந்த வாசப்படி ஏறுனவுக எலையில உக்காந்துதான் ஆவணும். போன வருசம் கலெக்டரு வந்தாரு. அவரயும் இப்படித்தான் உக்கார வச்சோம். ஒரு பக்கம் ஹமீது பீவி, மறு பக்கம் ரிக்‌ஷாக்கார தாத்தா. ரசம் ரெண்டு தரம் கேட்டு வாங்குனாரு.

— லாரிய வண்ணாரப்பேட்ட ரோட்டுல நிப்பாட்டிட்டு வந்திருக்கேன்...

— லாரி எங்கயும் போயிராது. இந்தா, எல போட்டாச்சு. அந்தப் பெரியவருக்கு எதுத்தாப்புல உக்காருங்க.

— ம்... நான் இந்தச் சங்கத்துத் தலைவியப் பாக்கணும். உலகம்மாள்னு சொன்னாவ.

— அவளா? அவ ஒரு வாயாடி. கரண்டியும் கையுமா ஒங்க முன்னாலதான் நிக்கா.

— அட... நீங்கதானா? நான் சமையலுக்கு இருக்கவுகன்னு...

— சமையலுக்கும் நாந்தான். தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல இந்தக் கொக்கிரகுளமே முங்கிக் கெடந்தப்ப, ஏழெட்டுப் பொம்பளைக சேந்து கஞ்சி காச்சுனோம். வெள்ளம் வடிஞ்சிருச்சு. அடுப்ப அணைக்க மனசு வரல. இன்னைக்கும் ஊருல கஞ்சிச் சங்கம்னுதான் பேரு. போர்டுல என்னமோ பெரிய பேரு எழுதிருக்கு, அத யாரு படிக்கா... சாம்பார் ஊத்தட்டா?

— போதும், போதும். ஆமா... இந்தப் பந்தியில யாரு குடுக்கவுக, யாரு வாங்குதவுகன்னே தெரியலியே.

— தெரியக்கூடாதுன்னுதான் பந்தி. எந்தப் பொண்ணு அண்ணாச்சி? பேரச் சொல்லுங்க.

— முத்துராணி.

— ...ஓ. மாப்பிள யாரு?

— எங்க தெருப் பையன். ஏரல் பக்கம். மோட்டார் ரிப்பேர் கட வச்சிருக்கான். நல்ல பய. அவிய வீட்டுல என்னைய அனுப்பி, பைய விசாரிச்சிட்டு வரச் சொன்னாவ.

— ஒங்க பேரு?

— பேரு கெடக்கட்டும் யக்கா. நான் என்ன மாப்பிளயா?

— சரி, கேளுங்க. எதயும் மறைக்க மாட்டேன். ஏட்டி, அண்ணாச்சிக்கு மோரு விடு. பாத்து விடு, எலைக்கு வெளிய ஓடுது. ம், நீ போ, அந்த வரிசயப் பாரு... கேளுங்க.

— அப்பன் ஆத்தா?

— ரெண்டு பேரயும் ஆறு கொண்டு போயிட்டு. வெள்ளத்தன்னைக்கு அவ பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டா. அதனால பொழச்சா. சொந்தம்னு வந்து நின்னவுக ஒருத்தரும் இல்ல. நாங்கதான் வளத்தோம். பன்னெண்டாப்பு முடிச்சு, டைப் பாஸ் பண்ணி, இப்ப பாளையங்கோட்டையில வக்கீல் ஆபீசுல வேல பாக்கா. சனி, ஞாயிறு இங்கன வந்திருவா.

— வளத்தது சரி யக்கா. கோவிச்சுக்காதீங்க. கல்யாணம் கழிஞ்ச பொறவு என்ன? ஒரு பொண்ணுன்னா பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும்லா? புருசன்கூட மனத்தாங்கல் வந்தா அவ எங்க போயி நிப்பா? மாசமா இருந்தா யாரு கூட்டிட்டுப் போவா? வளகாப்புக்கு யாரு வருவா?

— ...இதேதான் அவரும் கேட்டாரு.

— எவரு?

— ஆவணியில ஒருத்தர் வந்தாரு. களக்காட்டுல இருந்து. பாதிச் சோத்துல எந்திரிச்சு, பொறந்த வீடு இல்லாத பொண்ணு எங்களுக்குத் தோதுப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ காதுல விழுற மாதிரி. ரெண்டு நாளு கழிச்சு, இனிமே என்னைய யாருக்கும் காட்டாதீங்க பெரியம்மைன்னு சொல்லிட்டா. இன்னொரு தரம் அந்தப் பிள்ள மூஞ்சி அப்படிப் போறத என்னால பாக்க முடியாது.

— ...நான் கேக்கணுமேன்னு கேட்டேன்.

— நல்லா கேளுங்க. நானும் நல்லா சொல்லுதேன். இங்க இருந்து கட்டிக் குடுத்த எந்தப் பொண்ணுக்கும் பொறந்த வீடு இல்லன்னு எவனும் சொல்ல முடியாது. பொங்கலுக்குப் பொறந்த வீட்டுச் சீரு போவும்லா, அந்தப் பொங்கப்படிய நாங்க கொண்டு போறோம்.

— பொங்கப்படியா? சங்கத்துல இருந்தா?

— ஏன், சங்கத்துக்குக் கையில்லயா? வருசா வருசம் மார்கழி முடியுததுக்குள்ள வேன் புறப்பட்டுரும். தலப்பொங்கல்னா வெங்கலப் பானையோட. பச்சரிசி, மண்டவெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, காய்கறி, வாழக்கொலை... ஒண்ணு கொறையாது. அப்பா அம்மா இருக்க வீட்டுல கூட ரெண்டு வருசம் குடுத்துட்டு விட்டுருவாவ. நாங்க விட மாட்டோம்.

— யாரு கொண்டு போறது?

— அதுலதான் எங்க கெட்டிக்காரத்தனம். இந்தப் பந்தியில இருக்க வயசானவுகளுக்குப் பிள்ளைக இருந்தும் இல்ல. அந்தப் பொண்ணுகளுக்கு அப்பன் ஆத்தா இல்ல. ரெண்டயும் முடிச்சுப் போட்டோம். ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு அப்பா, ஒரு பெரியம்மா, ஒரு மாமா. ஹமீது பீவிக்கு மட்டும் அஞ்சு மவ. வள்ளியூர்ல ஒருத்திக்குப் பிரசவம், இவதான் ஆஸ்பத்திரியில துணைக்குக் கெடந்தா. நர்சு, நீங்க யாருன்னு கேட்டதுக்கு, பெத்தவன்னு சொல்லிருக்கா. அந்தப் பொண்ணு நெத்தியில விபூதி, இவ தலையில முக்காடு. நர்சு ஒரு கேள்வி கேக்கலியே.

— ஹ... ஹ... சரியான ஆளுதான்.

— ஒங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்காரே, வைத்தீஸ்வரன் சாரு. கல்லிடைக்குறிச்சிக்காரரு, தபால் ஆபீசுல பெரிய வேலையில இருந்தவரு. மவன்மாரு ரெண்டு பேரும் சீமையில. பொங்கப்படிக்குப் போற அன்னைக்குப் பாக்கணுமே அவர. காலையில இருந்து வேட்டிய மடிப்புக் கலையாம வச்சுக்கிட்டு நிப்பாரு. எம் பொண்ணு வீட்டுக்குப் போறேன், எம் பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு தெரு பூராச் சொல்லிட்டுத்தான் வேன்ல ஏறுவாரு.

— அவருக்குக் கண்ணு செத்த கம்மி போல. அப்பளத்த எலைக்கு வெளிய தேடுதாரே. அவர அனுப்புனா வீடு மாறிப் போயிர மாட்டாரா?

— மாறித்தான் போயிட்டாரு அண்ணாச்சி. ஒரு தடவ.

— எங்க?

— கொற்கைக்குக் கிட்ட ஒரு ஊரு. எங்க சந்தனமாரிய அங்கன ஒரு தையக்காரருக்குக் கட்டிக் குடுத்திருக்கோம். செந்தூர்பாண்டின்னு மாப்பிள பேரு. அந்தப் பக்கம் ஒரு கல்லெடுத்து எறிஞ்சா ஒரு செந்தூர்பாண்டி மேலதான் விழும். சாரு போயி, செந்தூர்பாண்டி வீடு எதுன்னு கேட்டிருக்காரு. எவனோ கையக் காட்டிருக்கான். வேற செந்தூர்பாண்டி வீட்டு வாசல்ல பானைய எறக்கி வச்சுட்டாரு.

— அப்புறம்?

— உள்ள இருந்து ஒரு பொம்பள வந்திருக்கா. வயசு நாப்பதுக்கு மேல. பொங்கப்படி கொண்டாந்திருக்கேன் தாயின்னு இவரு சொல்லவும், அப்படியே நெலையப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டாளாம். எங்க அண்ணன் அனுப்புனானான்னு கேட்டிருக்கா. என்னன்னா... அவ இஷ்டப்பட்டுக் கல்யாணம் கட்டுனவ. பொறந்த வீட்டுல தல முழுகிட்டாவ. கல்யாணமான நாள்ல இருந்து ஒரு கரும்பு கூட அவ வாசலுக்கு வந்ததில்ல. அதெல்லாம் பின்னால விசாரிச்சுத் தெரிஞ்சது.

— சாரு என்ன சொன்னாரு?

— ஆமான்னுட்டாரு. உங்க அண்ணன் கடையில நான் கணக்கப்பிள்ள, அவருதான் குடுத்து விட்டாருன்னு ஒரே போடு. பொய் சொல்லத் தெரியாத மனுசன், அன்னைக்கு வாயில வந்திருக்கு பாருங்க. பொறவு, வேன் ஓட்டுத நெல்லையப்பன் வண்டிய ஏரல் கடத்தெருவுக்கு விட்டு, வேற படி வாங்கி, சந்தனமாரி வீட்டுல கொண்டு சேத்திருக்கான். அவனும் இங்கன வந்து சேருததுக்கு முன்னால பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதான். சாப்பிடுங்க. கையக் காய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— சாப்பிடுதேன்... தப்பா எறக்கி வச்சது ஒரு வருசம். அதோட விட்டிருக்கலாமே.

— எப்படி விட? இங்கன கூட்டம் போட்டுப் பேசுனோம். மறு வருசம் படி போவலன்னா, அந்தப் பொம்பள அண்ணன் திரும்பவும் வெறுத்துட்டான்னு நெனைப்பா. அது முன்னாலயவிடக் கொடுமையில்லா? அதனால அவளயும் நம்ம பொண்ணுகளோட சேத்துக்கிட்டோம். வருசா வருசம் சாரு கணக்கப்பிள்ளையாப் போறாரு. நல்ல வேள, புருசன்காரரு பொங்க நேரத்துல வாழத்தாரு ஏத்திக்கிட்டு வெளியூரு போயிருவாராம். அவரு இருந்தா குறுக்க நெடுக்கக் கேட்டிருப்பாரு.

— கேட்டிருப்பான்...

— அவ பேரச் சொல்ல மாட்டேன். நீங்களும் ஏரல் பக்கம்னு சொல்லுதீங்க. வெளிய விட்டுராதீங்க அண்ணாச்சி. அண்ணன் குடுத்ததுன்னே அவ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். நாங்க செஞ்சதுலயே எனக்குப் பெருமையான காரியம் அதுதான். வெளிய சொல்லிக்கவும் முடியாது.

— அவளுக்குத் தெரியும் யக்கா.

— என்னது?

— மொத வருசமே தெரியும்.

— நீங்க என்னத்தக் கண்டீங்க?

— அவ பொறந்தது உவரிக்கு இங்கிட்டு, தேரிக்காட்டுல. அங்கன பனங்கிழங்கு இல்லாம ஒரு வீட்டுல இருந்தும் பொங்கப்படி வராது. மொத வருசம் நீங்க வச்ச படியில கிழங்கு இல்ல.

— ...இல்ல. அந்த வருசம் கிழங்கு கெடைக்கல.

— பாத்ததுமே, பெரியவரு வீடு மாறி வந்திருக்காருன்னு அவளுக்குப் புரிஞ்சிட்டு. ஆனா நடையில மாமியா உக்காந்திருக்கா. கட்டி வந்த நாள்ல இருந்து நாதியத்தவ, நாதியத்தவன்னு சொல்லிச் சொல்லியே குத்துன மாமியா. அவ காதுல விழட்டும்னுதான், எங்க அண்ணன் அனுப்புனானான்னு சத்தமாக் கேட்டா. இந்தப் பெரியவரு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கு அவ மானம் போயிருக்கும். சொல்லல.

— ...நாங்க அவகிட்ட மறைக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

— எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. போன சித்திரையில அவ அண்ணன திருச்செந்தூர்ல வச்சுப் பாத்தேன். படி அனுப்புதீங்களே, சந்தோசம்னு கையப் புடிக்கப் போனேன். எனக்குத் தங்கச்சியே கெடையாதுன்னு ஒதறிட்டுப் போயிட்டான். வீட்டுல வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னேன். அவ சிரிக்கா. அப்பந்தான் எல்லாத்தயும் சொன்னா. சந்தனமாரிகிட்டப் பேச்சுக் குடுத்து, எங்க இருந்து வருதுன்னு எப்பயோ தெரிஞ்சு வச்சிருக்கா.

— அண்ணாச்சி... ஒங்க பேரு என்ன?

— செந்தூர்பாண்டி. எம் பொண்டாட்டி பேரு தங்கபுஷ்பம். மாப்பிள எம் மவன்.

— அட பாவி மனுசா... அப்ப, பொறந்த வீடு உண்டா, வளகாப்புக்கு யாரு வருவான்னு கேட்டதெல்லாம்?

— நாளைக்கு எங்க ஊருல நாலு பேரு கேப்பான்லா யக்கா. பதில் சொல்லத் தெரிஞ்சுக்கிட்டுப் போவ வேண்டாமா?

— இருங்க, இந்தக் கரண்டியக் கீழ வச்சுக்கிடுதேன்... நானும் ஒண்ணு மறச்சேன். ஒங்களுக்கு மோரு விட்டாளே, அவதான் முத்துராணி.

— அது எனக்குத் தெரியும். எலைக்கு வெளிய விட்டாளே, பயந்துகிட்டு.

— அந்தா, தூண் மறைவுல நின்னு நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கா. இவரும் பாதிச் சோத்துல எந்திரிப்பாரோன்னு நிக்கா. நான் போயி அவகிட்ட என்னன்னு சொல்லட்டும் அண்ணாச்சி? யாரு வீட்டுல இருந்து கேட்டு வந்திருக்காவன்னு சொல்ல?

— ஒங்க மவ தங்கபுஷ்பம் வீட்டுல இருந்துன்னு சொல்லுங்க. காலையில நான் லாரியில ஏறும்போது அவ சொல்லி அனுப்புனா... எங்க பொறந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, எம் மவனுக்கு அங்கனதான் எடுக்கணும், போயி மொறையாக் கேட்டுட்டு வாங்கன்னு.