பச்சைப் புட்டி

சாரல் விழுகிற காலத்தில் பிளாஸ்டர் பொம்மை காய நான்கு நாளாகும், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரப்பட்டு வண்ணம் பூசினால் செதில் செதிலாக உரிந்துவிடும். பொறுமை இல்லாதவனுக்கு இந்தத் தொழில் சரிப்படாது. எனக்குப் பொறுமை உண்டு. தென்காசியில் இருபத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டராக இருந்தவன்.

ஓய்வு பெற்றபின் வீட்டு மச்சில் பொம்மை வார்த்து, குற்றாலத்துச் சீசன் கடைகளுக்குக் கொடுத்துவந்தேன். வண்ணம் பூச துல்கர்னைனைச் சேர்த்துக்கொண்டேன். கடையநல்லூர்க்காரர், தறிக்காரக் குடும்பம். என் மனைவி செண்பகவல்லி கண்ணும் புருவமும் எழுதுவாள், கை நடுங்காது. ஒரு வழக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கோடு இழுக்க பிரஷ் நுனி கூராக இருக்கவேண்டும். துல்கர்னைன் கோட்டுக்கு ஒருதரம் அதை உதட்டில் வைத்து இழுப்பார். அவரைப் பார்த்து இவளும் பழகிக்கொண்டாள். வயிற்றுக்கு ஆகாது என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டார்கள்?

இந்த எண்பதாம் வருஷம், ஆனி மாதம், ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். முன்பு செங்கோட்டைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவராம். பட்டாளத்துக்காரரான தம் தாத்தாவின் மார்பளவுச் சிலை, சாண் உயரத்தில், பன்னிரண்டு வேண்டும் என்றார். தோளில் கட்டம் போட்ட துணி. அந்தக் கட்டம் அவர்கள் குடும்பத்துக்கே உரியது, ஒரு கோடு பிசகினால் வேறு குடும்பமாகிவிடும் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு துண்டுத் துணியும் கொடுத்தார்.

நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் காட்டினேன். துல்கர்னைன் அந்தத் துண்டை எடுத்து இழை எண்ணினார்.

“அண்ணாச்சி, இது நம்மூர்ல இடுப்புல கட்டுத சாரம் மாதிரிதான். பாவும் ஊடையும் சேருத இடத்துல ரெண்டு நிறமும் பாதிப் பாதி தெரியணும். மடிப்புக்குள்ள போகுத கோடு அந்தப்பக்கம் அதே கணக்குல வெளிய வரணும். இல்லன்னா ஜன்னல் கம்பி மாதிரில்லா இருக்கும்,” என்றார்.

சொன்னது நியாயம். ஒப்புக்கொண்டேன். அடிவண்ணம் கருநீலம், அது என் பொறுப்பு. அதன்மேல் பச்சைப் பட்டைகள் துல்கர்னைனுக்கு. கடைசியில் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு, அது செண்பகவல்லிக்கு. தினமும் காலையில் பச்சைப் புட்டியையும் சிவப்புப் புட்டியையும் கலக்கி, அவரவர் பலகையில் வைப்பது நான்.

ஒருநாள் பார்த்தால் புட்டிகளின் கழுத்தில் நூல். பச்சைக்கு ஒரு முடிச்சு, சிவப்புக்கு இரண்டு.

“நாந்தான் கட்டினேன் அண்ணாச்சி. கை மாறிப் போகக் கூடாதுல்லா,” என்றார் துல்கர்னைன், என் முகத்தைப் பார்க்காமல்.

“அவுக நம்ம நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காக,” என்றாள் செண்பகவல்லி. இருவரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு நிறம் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் முன்பே ஒரு பேச்சு உண்டு. பொறாமைக்காரர்கள் கிளப்பியது. ஆண்டு விழாவுக்கு நான் வரைந்த மாவிலைத் தோரணம் சிவப்பாக இருக்கிறது என்றார் தலைமையாசிரியர். கொழுந்து இலை என்றேன். ஆனால் துல்கர்னைன் குற்றாலத்துக் கடை ஒவ்வொன்றிலும் டீ குடிக்கிற மனிதர். அங்கே பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். டிராயிங் மாஸ்டருக்குப் பச்சை எது சிவப்பு எது என்று தெரியாதாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் நான் தெருவில் எப்படி நடப்பேன்? அந்தச் சொல் விழக்கூடாது என்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு எடுத்தது.

எலிக்கு என்று சொல்லிப் பாஷாணம் வாங்கினேன். கடைக்காரர் பேரில் தப்பில்லை. உடனே கலக்கவில்லை. அது ரமலான் மாதம். நோன்பு நாளில் துல்கர்னைன் பிரஷை உதட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். விரலில் உருட்டித்தான் நுனி எடுப்பார். ஆகவே பெருநாள்வரை பொறுத்தேன். பிறர் மதத்தை மதிக்கத் தெரிந்தவன் நான். பெருநாளன்று அவர் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. சாப்பிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மச்சுக்குப் போனேன். நூலை இரண்டிலும் அறுத்து எறிந்தேன். கண்ணுள்ளவனுக்கு முடிச்சு எதற்கு? ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு புட்டிகளையும் தூக்கிப் பார்த்து, பச்சையில் கலந்து, அதைத் துல்கர்னைன் பலகையில் நானே வைத்தேன். பச்சையைச் செண்பகவல்லி தொடமாட்டாள் என்பதை இரண்டுமுறை யோசித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத் துணை. அவளை விட்டால் எனக்கு யார்?

மூன்றாம் நாள் செண்பகவல்லிக்கு வயிற்றைப் புரட்டியது. சாரலில் நனைந்தது என்று நினைத்துச் சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

“இன்னும் ரெண்டு தோள்தான் பாக்கி, முடிச்சிருதேன்,” என்று உட்கார்ந்து கோடு இழுத்தாள். பிரஷை நான்தான் கழுவிக் கொடுத்தேன். துல்கர்னைனோ தினமும் குத்துக்கல்லாட்டம் வந்து நின்றார். எனக்குப் புரியவே இல்லை. ஆறாம் நாள் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தது அவர்தான். வாய்விட்டு அழுததும் அவர்தான். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

விஷம் இருந்தது சிவப்புப் புட்டியில் என்று அறிக்கை வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. துல்கர்னைனைக் கொல்லத்தான் பாஷாணம் கலந்தேன். அதற்கு எங்கே கையெழுத்து வேண்டும், காட்டுங்கள். ஆனால் நான் கலந்தது பச்சையில். என் கண்ணால் பார்த்துக் கலந்தேன். நான் தப்பாக வைத்ததாக நினைத்துப் புட்டிகளைத் தினமும் காலையில் எனக்குத் தெரியாமல் இடம் மாற்றி வைத்தது தான்தான் என்று துல்கர்னைனே உங்கள் முன்னால் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு தெளிவாக அவர் சொன்னபிறகும், செண்பகவல்லியைக் கொன்றவன் என்று என் பெயரை எழுதிவைத்திருக்கிறீர்களே, உங்களுக்குக் கண் தெரியவில்லையா?