ஈரம் ஏறுது

— சென்சார் வளையத்தைச் சுவத்துல வச்சாச்சு. மேல பெட்டியில என்ன காட்டுது?

— ஒன்பது.

— சரியா பாரு. கண்ணாடி போட்டிருக்கியா?

— போட்டிருக்கேங்க. ஒன்பதுதான்.

— அப்போ இந்த இடத்துல படிவு நல்லா தடிப்பா இருக்கு. சுண்ணாம்பு கட்டக் கட்டக் கரண்ட் போகாது, அளவு இறங்கும். குறிச்சுக்கோ.

— இதைத் தினமும் எனக்குச் சொல்லணுமா? கல்யாணம் ஆனதுல இருந்து உங்ககூட இந்தப் பெட்டியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

— சொன்னா என்ன குறைஞ்சு போச்சு? குழாய்க்குள்ள பலகை வண்டியில மல்லாக்கப் படுத்திருக்கேன். மூக்குக்கு நேரா இரும்பு. வாக்கி-டாக்கியில உன்னை விட்டா பேச ஆள் இல்லை.

— பேசணும்னுதான் நானும் ரொம்ப நாளா பாக்கறேன். பெரியவ விஷயம்...

— அதை மேல வந்து பேசிக்கலாம்.

— மேல வந்தா சாப்பிட்டுப் பேசலாம்பீங்க. சாப்பிட்டா தூங்கி எழுந்து பேசலாம்பீங்க.

— அந்த ரோபோக்காரனைப் பத்தின்னா எங்கேயும் பேச வேண்டாம்.

— அவன் உங்களை என்ன பண்ணான்?

— பொம்மைக் கார் மாதிரி ஒண்ணைக் குழாய்க்குள்ள ஓட விட்டுட்டு, இவன் வேன்ல ஏசி போட்டு உக்காந்திருக்கான். அதுக்குப் பேர் குழாய் பாக்கறதா? படிவைக் கையால தொட்டே பாக்காதவனுக்கு நான் பொண்ணு கொடுக்கணுமா?

— பொண்ணு என்ன ஸ்பேனரா, கொடுக்கறதுக்கும் வாங்கறதுக்கும்?

— அடுத்த இடம். வளையத்தை வச்சாச்சு.

— பதினஞ்சு.

— பதினஞ்சா? இங்கேயும் அதே தடிப்புதானே இருக்கு.

— இப்போ பதினெட்டு.

— நான் வளையத்தை அசைக்கவே இல்லையே.

— நீங்க அசைக்கலை. அளவுதான் அசையுது. படிவுக்கு அடியில ஈரம் ஏறுது போலங்க. வெளிய வந்துடுங்களேன்.

— குடிதண்ணிக் குழாய்ல ஈரம் இல்லாம வேற என்ன இருக்கும்?

— முதுகு நனையுதா?

— ரப்பர் சட்டை போட்டிருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?

— சுவத்தைத் தடவிப் பாருங்க.

— பொரபொரன்னு காஞ்சு கிடக்கு.

— மேல காஞ்சிருக்கும். அடியில ஊறுது. சென்சார் பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றது நீங்கதானே?

— சென்சார் சொல்லாது. பிளக் சொல்லும். இறுக்கிப் பாரு.

— இறுக்கமாத்தான் இருக்கு. கொஞ்சம் அப்படியே இருங்க, போன் அடிக்குது.

— மேடம், வணக்கம். வால்வுகிட்ட இருந்து பேசறேன். பாருங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது.

— சொல்லுங்க. வாக்கி-டாக்கி பட்டனை அமுக்கலை, அவருக்குக் கேக்காது.

— பாருங்க, வால்வு பூட்டினது பூட்டினபடியே இருக்கு. சாவியும் உங்ககிட்டதான் இருக்கு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

— வேற எதுல குறை?

— உள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சிருச்சு போல. தொட்டிப் பக்கம் அழுத்தம் காட்டற முள்ளு இறங்கிக்கிட்டே வருது. பாருங்க, அந்தப் பக்கம் இறங்கினா இந்தப் பக்கம் வருதுன்னு அர்த்தம்.

— எவ்வளவு வருது?

— இப்போதைக்கு நூல் மாதிரி. ரப்பர் முழுசா பிச்சுக்கிச்சுன்னா அப்புறம் நூல்னு சொல்ல முடியாது.

— பம்பை நிறுத்தச் சொல்லுங்க.

— இது பம்ப் தண்ணி இல்லை மேடம், மேட்டுத் தொட்டித் தண்ணி. நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. இன்னொரு வால்வு இருக்கு, பாருங்க, துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. நாலு பேர் தொங்கிக்கிட்டிருக்காங்க. சாரை வெளிய வரச் சொல்லிடுங்க.

— எப்படிச் சொல்றது? போன வருஷம் ஒருத்தர் விளையாட்டுக்கு 'தண்ணி'ன்னு கத்தினார். இவர் உள்ளேயே திரும்பப் பாத்து, தோள் குறுக்க மாட்டிக்கிச்சு. சோப்பு ஊத்தி வழுக்க விட்டு இழுத்தோம். அன்னைக்கு நிஜமாவே தண்ணி வந்திருந்தா இன்னைக்கு உங்ககிட்ட நான் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.

— அப்போ காரணம் சொல்லாம சும்மா கூப்பிடுங்க.

— காரணம் சொல்லாம கூப்பிட்டா அவர் சாப்பிடக்கூட வர மாட்டார்.

— டீ, கீன்னு ஏதாவது...

— பாக்கறேன். நீங்க போனை வைக்காதீங்க. முள்ளைப் பாத்து அப்பப்போ சொல்லுங்க.

— காதுலயே வச்சிருக்கேன் மேடம்.

— என்னங்க, டீ வந்திருச்சு. வாங்க, ஆறிடும்.

— மூடி வை.

— மூடி இல்லை.

— அப்போ நீ குடி. நான் அடுத்த இடத்துக்குப் போறேன். வண்டிக் கயித்தைத் தளர்த்து.

— கயிறு சிக்கிக்கிச்சு.

— மெதுவா எடுத்து விடு. நமக்கு என்ன அவசரம்?

— எனக்குத் தலை சுத்துதுங்க.

— உக்காந்துக்கோ. கொஞ்சம் தண்ணி குடி.

— மேடம், பாருங்க, முள்ளு முன்னைவிட வேகமா இறங்குது.

— ஏங்க, பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

— என்ன?

— கல்யாணம். ஆயிடுச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல.

— யாரோட?

— ரோபோக்காரனோட.

— எப்போ?

— போன மாசம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கற குழாய்க்குள்ள இருந்த அன்னைக்கு.

— அன்னைக்கு உன் தம்பியை மேல உக்கார வச்சுட்டு நீ பல் டாக்டர்கிட்ட போனே.

— பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— உன் தம்பிக்குத் தெரியுமா?

— அவன்கிட்டயும் பல்லுன்னுதான் சொன்னேன்.

— நீ எதுக்கு அங்கே போனே?

— சாட்சிக் கையெழுத்துப் போட. கேக்குதாங்க?

— கேக்குது. இரு, வர்றேன்.

— வளையத்தைக் கழட்டிக்கிட்டு...

— வளையத்தைத் தூக்கிக் குப்பையில போடு! கயித்தை இழு!

— இழுக்கறேன். திரும்பிடாதீங்க. கால் இந்தப் பக்கம் இருக்கற மாதிரியே வாங்க.

— எப்படி வரணும்னு எனக்குத் தெரியும். இழு! காலையில சாப்பிட்டியா இல்லையா? இப்படி மெதுவா இழுக்கறே!

— உங்க எடைக்கு இவ்வளவுதான் வரும். நீங்களும் கையால தள்ளுங்க.

— தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். அவன் என்ன சட்டை போட்டிருந்தான்?

— நீலம்.

— இஸ்திரி போட்டிருந்தானா?

— போட்டிருந்தான். காலர் மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்துச்சு. நான்தான் சரி பண்ணி விட்டேன்.

— நீ சரி பண்ணி விட்டியா?

— வேற யார் இருந்தாங்க அங்கே?

— பெரியவ அழுதாளா?

— அழலை. கையெழுத்துப் போடற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா.

— யாரை எதிர்பார்த்து?

— யாரைன்னு உங்களுக்குத் தெரியாதா? காலை மடக்காதீங்க, விளிம்புல இடிக்கும். வந்தாச்சு. எழுந்திருங்க.

— மேடம்! முள்ளு விழுந்துடுச்சு! பிச்சுக்கிச்சு மேடம்!

— ஏங்க, ஏணியைப் பிடிங்க. கையைக் கொடுங்க. ஏறுங்க, ஏறுங்க.

— ஏறிக்கிட்டுதானே இருக்கேன். முதல்ல எனக்குப் பதில் சொல்லு. எந்தத் தைரியத்துல நீ... என்ன சத்தம் அது?

— இன்னும் ரெண்டு படி. அவ்வளவுதான். இப்போ கீழ பாருங்க. பாத்தீங்களா?

— இது எப்போ வந்துச்சு?

— பதினஞ்சு காட்டுச்சே, அப்பவே கிளம்பிடுச்சு. நீங்க பிளக்கை இறுக்கச் சொன்னீங்க.

— என் பலகை வண்டி போகுது.

— போகட்டும்.

— பின்னாலேயே வளையமும் போகுது.

— போகட்டும்ங்க. நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க. விளிம்பு வழுக்கும்.

— நீயும் தள்ளி உக்காரு.

— உக்காந்துட்டேன்.

— மேடம், சார் வந்துட்டாரா?

— வந்துட்டார். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே பேசுங்க.

— சார், மேடத்துக்கு நீங்க கோயில் கட்டணும் சார். தண்ணிங்கற வார்த்தையே வாயில வராம, பாருங்க, ஒரு கல்யாணத்தையே நடத்தி உங்களை வெளிய இழுத்துட்டாங்க. பல் டாக்டர், காலர் மடங்கினது... கேட்டுக்கிட்டிருந்த எனக்கே நிஜம்தானோன்னு தோணிடுச்சு.

— ஓ. அதுக்காகத்தானா?

— வேற எதுக்கு சார்? 'தண்ணி'ன்னா நீங்க திரும்பப் பாப்பீங்களாமே. சரி சார், பாருங்க, இங்கே நாங்க முழங்கால் ஆழத்துல நிக்கறோம். வச்சுடறேன்.

— நல்ல மனுஷன். இந்தா, அந்தத் துண்டைக் கொடு.

— இந்தாங்க.

— உயிரும் மிஞ்சிச்சு. பொண்ணுக்குக் கல்யாணமும் ஆகலை. ஒரே நாள்ல ஒருத்தனுக்கு இவ்வளவு நல்லது நடக்கக் கூடாது.

— துடைச்சுக்கோங்க. காதுக்குள்ள எல்லாம் சுண்ணாம்பு.

— ஆனா உன்னைப் பாராட்டணும். நீலச் சட்டை, இஸ்திரி, பெரியவ வாசலைப் பாத்தது... அந்த அவசரத்துல எப்படி உனக்கு இவ்வளவு பொய் வந்துச்சு?

— பொய் யோசிக்க எங்கேங்க நேரம் இருந்துச்சு?