ஃப்ரிட்ஜ் அட்டையில் ஒரு கடல்

— இது கடல் மாதிரி இல்லைங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.

— ஆஸ்பத்திரியில நான் வயரிங் முடிச்சப்போ அங்கே பெயிண்டர்கிட்ட கெஞ்சி வாங்கின மிச்சப் பெயிண்ட்தானே? வேற எப்படி இருக்கும்?

— அக்கா தங்கின வெளிநாட்டு ஹோட்டல் ஜன்னல்ல தெரிஞ்ச கடல் இப்படியா இருந்துச்சு? இந்தா, போன வருஷப் போட்டோ. நல்லாப் பாருங்க, லேசா பச்சை ஓடுது.

— ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நம்மது வேற கடல்னு வெச்சுக்கோயேன். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில இதுக்கு மேல அலை வராது. ஜன்னல்ல சொருகிடவா?

— சொருகுங்க. பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெரியக் கூடாது. ஐயோ, ஓரத்துல வெளிச்சம் வருதே!

— அது சூரிய உதயம்.

— உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும். துண்டை அன்னம் மாதிரி மடிக்கச் சொன்னேனே, எங்கே?

— கட்டில் மேல உட்கார்ந்திருக்கு பாரு.

— இதுவா? யாரோ செருப்பைக் கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு!

— கழுத்து நிக்க மாட்டேங்குது. உள்ளே ஒரு வயரை விட்டா நிக்கும்.

— விடுங்க. எதையாவது விட்டு நிமிர்த்துங்க. அக்கா போட்டோவுல சுவத்துல ஓலைத் தொப்பி, மூலையில கூடை விளக்கு, கட்டில் பக்கத்துல பழைய காலத்துப் பெட்டி… பார்த்தாலே எங்கேயோ தூர தேசம் போன மாதிரி இருக்கும்.

— நம்மகிட்ட என்ன குறைச்சல்? அழுக்குத்துணிக் கூடையைக் கவுத்து பல்பு போட்டாச்சு. பரண்ல கிடந்த பெட்டி மேசையாச்சு. தொப்பியும் பெயிண்டரோடதுதான். கையை விட்டு ஒரு காசு போகலை.

— கூடைக்குள்ள உங்க சாக்ஸ் ஒண்ணு தொங்குது.

— அது நிழலாத்தான் விழும். இலைன்னு நினைச்சுப்பாங்க.

— கடவுளே, இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் ஊர் சுத்தணுமாம்.

— ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், கோவிச்சுக்காதே. போகலைன்னு உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன? வீட்டுக்குள்ளயே ரெண்டு நாளா ஒளிஞ்சுக்கிட்டு, குழாயைக்கூட மெதுவாத் திறந்துக்கிட்டு…

— எப்படிங்க சொல்றது? எல்லார் நடுவுலயும் வெச்சு, 'நீங்கல்லாம் எங்கேயுமே போறதில்லையா கண்ணு?'ன்னு கேட்டா. 'ஏன் போகாம, வர்ற வாரம் கடலோரம் போறோம்'னு வாய்ல வந்துடுச்சு.

— இரு, இந்த பல்பை முறுக்கிடறேன்.

— எனக்குக் கடல்கூட வேண்டாங்க. ஒரே ஒரு தடவை அவ என் போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கணும். ஒரு வருஷமா அவளோடதை நான் பார்க்கற மாதிரி.

— சரி, போனைக் குடு. நானும் பெருசாக்கிப் பார்க்கறேன். அட! இங்கே வாயேன். இந்த சுவிட்ச் போர்டைப் பாரு. சிவப்பு லைட் மேலதானே இருக்கணும்? கீழே இருக்கு. தலைகீழா மாட்டியிருக்கான், என்னை மாதிரியே!

— அது அந்த ஊர் வழக்கமா இருக்கும்.

— அதைத்தான் சொல்றேன்! எனக்கு இடது கைப் பழக்கம், வேகத்துல அப்படி வந்துடுது. அதுக்கு எத்தனை வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்! உங்கக்கா வீட்டுக்காரர்கூட அன்னைக்கு ஊரைக் கூட்டினாரே. இப்போ பார்த்தியா? வெளிநாட்டு ஹோட்டல்காரனே என் வழிக்கு வந்துட்டான்.

— பெருமையை அப்புறம் வெச்சுக்கலாம். ஐயோ, அக்காவே வீடியோவுல கூப்பிடறா! ஃபேனைப் போடுங்க, முடி பறக்கணும். வாளித் தண்ணியை அளையுங்க. வாயைத் திறக்காதீங்க. ஹலோ… அக்கா!

— அடியே கண்ணு! முகமே தெரியலை, எல்லாம் முடியா இருக்கு.

— காத்துக்கா! கடல் காத்து. நிக்கவே விடலை.

— அலைச் சத்தம் என்னடி பக்கத்துலயே கேக்குது?

— ஜன்னலுக்குக் கீழதான் கடல். இதோ, தெரியுதா?

— தெரியுது, தெரியுது. அலை அசையவே காணோம்?

— தூரத்துல இருக்குல்ல… அதான்.

— இப்போதானே ஜன்னலுக்குக் கீழன்னே? சரி, யாரு அங்கே இருமறது?

— பக்கத்து ரூம்காரர். பாவம், வயசானவர்.

— உன் வீட்டுக்காரர் இருமற மாதிரியே இருமறாரு. அது கிடக்கட்டும், நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் சாவியைக் குடுத்தியே, இப்போ உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன்.

— இப்பவா? ஞாயித்துக்கிழமைதானே வரேன்னே!

— இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, வந்துட்டேன். ஏன் கண்ணு, உள்ளே ஃபேன் ஓடற சத்தம் கேக்குதே. அணைக்காமலா போனீங்க? இரு, உள்ளே போய் அணைச்சிடறேன்.

— வேண்டாம்க்கா! ஓடட்டும்! ஓடினாத்தான்… ஓடினாத்தான் ஃபேனுக்கு நல்லதுன்னு இவர் சொல்வார்!

— என்னடி பேசறே? கரண்ட் பில்லை யார் கட்டறது? இதோ திறந்துட்டேன்.

— ஐயோ, வந்துட்டாங்க! போனை வை! நான் கட்டிலுக்கு அடியில போயிடறேன்!

— கட்டிலுக்கு அடியில பெயிண்ட் டப்பா இருக்கு! அசையாம நில்லுங்க!

— அடியே கண்ணு! இதுவா உன் கடலோரம்?

— அக்கா, சிரிக்கணும்னா சிரிச்சுடு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே.

— தம்பி, முதல்ல அந்த வாளியைக் கீழ வைங்க. ஈரக் கையோட சுவிட்ச் பக்கத்துல நிக்காதீங்க. ஓஹோ, உங்க சொந்த வீட்டுலயும் தலைகீழாத்தானா?

— ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நீங்க தங்கின ஹோட்டல்லயும் இப்படித்தானே மாட்டியிருந்தான்! நான் இப்போதான் உங்க போட்டோவுல பார்த்தேன்.

— அது எங்க மாடி ரூம் தம்பி, நீங்க வயரிங் பண்ணினது. அழாதே கண்ணு, இப்படி நகரு. கடல் இவ்வளவு வெளுப்பா இருந்தா யாருடி நம்புவா? நாங்க கொஞ்சம் பச்சை கலந்தோம்.