திரும்பி வரும் சரக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எங்களுக்காக விட்டுக்கொடுத்து, கடைசி நாற்காலி வரை நிறைந்திருக்கும் திருப்பூர்ப் பெருமக்களே! தலைமைப் பொறுப்பேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற கவலையையும் முகத்தில் ஏற்று அமர்ந்திருக்கும் நொய்யல் இருசக்கரப் பயணக் குழுவின் தலைவர், ஐயா செங்கோட்டையன் அவர்களே! சோமனூரில் தறிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் நாளைய வேலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தலைக்கவசத்தைக் கழற்றாமலே கைதட்டும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சித்ரகலா. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்ட நீலம் எந்த நீலம் என்று மின்னஞ்சலில் மன்றாடுவது என் வேலை. இன்று நான் பேச வந்தது, என்னை நங்கை, அதாவது அண்ணி, என்று அழைக்கும் என் நாத்தனார் அன்புசெல்வியைப் பற்றி. அதோ, இந்தப் பக்கம் பார்க்காமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கிறாளே, அவளேதான்.

பத்துத் தையல் மிஷின் போட்டு பவர் டேபிள் என்னும் தையல் கூடம் நடத்துகிறவள் அவள். நாற்பதை நெருங்கும்போது பைக் ஓட்டக் கற்றாள். கற்றது எதற்கு? கட்டிங் முடிந்த துணி வந்ததா, சாயம் சரியாக ஏறியதா என்று பல்லடம் சாலையில் பறந்து பார்ப்பதற்கு. வேலைக்காக ஏறினாள்; வேலை முடிந்தும் இறங்க மனமில்லை! உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போனாள். ஆனைமலை அடிவாரம் தொட்டாள். பிறகு ஒருநாள், கைப்பேசியில் ஒரு தீவைக் காட்டினாள்.

ஐல் ஆஃப் மேன். இங்கிலாந்துக்கு அருகே கடலுக்குள் கிடக்கும் சின்னத் தீவு. அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் தனி மைதானம் கிடையாது. ஊர்ச் சாலைதான் பந்தயச் சாலை! பால்காரர் போன சாலை, பள்ளிப் பேருந்து போன சாலை; பந்தய நேரத்தில் அதை அடைக்கிறார்கள். வீட்டு மதிலில் மக்கள் உட்கார்ந்திருக்க, மதிலை உரசுவதுபோல் வண்டிகள் பாய்கின்றன. "நங்கை, இதைப் பாக்கப் போறேனுங்க. எம்பட வண்டியிலயே போறேனுங்க" என்றாள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நானும் சிரித்தேன். வண்டி எப்படிப் போகும்? பிறகுதான் தெரிந்தது: மரப்பெட்டியில் போகும். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, டயரில் ஒட்டிய மண்ணைக்கூட அலசி எடுத்து, பெட்டியில் கட்டி, கன்டெய்னரில் ஏற்றி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பலாம். நாம் விமானத்தில் போய் அங்கே இறக்கிக்கொள்ளலாம். வண்டிக்கென்று ஒரு பாஸ்போர்ட்டே இருக்கிறது; கார்னே என்பார்கள். இந்த வண்டி போகும், சுற்றும், திரும்பிவிடும் என்று நாம் கொடுக்கும் வாக்குதான் அது.

உறவினர்கள் விடுவார்களா? அவள் கணவர், நான் அண்ணன் என்று அழைக்கும் அருள்செல்வனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏனுங் மாப்ள, சம்சாரத்தக் கப்பல்ல ஏத்தறீங்களாமா?" என்றார் ஒருவர். "இல்லீங் மாமா. வண்டிதான் கப்பல்ல போகுது. சம்சாரம் ஏரோப்ளேனு. உங்களையும் பொட்டியில போட்டு அனுப்பட்டுங்களா? எடம் இருக்குது" என்றார் அண்ணன். கேட்டவர் இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவரே சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்!

நான் ஒன்று கேட்டேன்: அங்கேயே வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தால் என்ன? அவள் சொன்னாள்: "வாடக வண்டியில போனா அந்த ஊர நான் பாத்துட்டு வந்துருவனுங்க நங்கை. என்ற வண்டியில போனா அந்த ஊரு என்னையப் பாக்கும்ங்க." டி.என். 39 என்ற திருப்பூர் எண் பலகை அந்தத் தீவின் கல்மதில் ஓரம் நிற்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அவ்வளவு பெரியது!

அன்பர்களே, இங்கேதான் சுரேஷ் வருகிறார். எங்கள் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவர். இருபது வருடமாகப் பனியன் அனுப்பிய கை. உரிமையோடு பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அடுக்கினார். வண்டிக்குப் பாலித்தீன் உறை போட்டார். பெட்டிமேல் ஸ்டிக்கர் ஒட்டினார். கலர்: கறுப்பு. சைஸ் என்ற இடத்தில் என்ன போட்டார் தெரியுமா? எக்ஸ்எல்!

சிரித்து முடித்துவிட்டீர்களா? தூத்துக்குடியில் எங்களால் சிரிக்க முடியவில்லை. நானும் அன்புசெல்வியும் துறைமுகத்தில் நிற்கிறோம். சுங்க அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்னம்மா இது? வித்தவங்க அன்புசெல்வி, வாங்குனவங்க அன்புசெல்வி. நீங்களே வித்து நீங்களே வாங்குதீங்களா?"

விஷயம் விளங்கியது. கார்னேயைக் குறிப்பிடாமல், சாதாரண ஏற்றுமதிச் சரக்காக எழுதிவிட்டார் சுரேஷ். திரும்பி வரும் என்ற சொல்லே அதில் இல்லை. அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "இப்படியே ஏத்தினா இன்னைக்கே ஏறிரும். ஆனா போனா போனதுதான், பாத்துக்கிடுங்க. திரும்பக் கொண்டாந்தா வெளிநாட்டு வண்டின்னு வரி கேப்பாங்க. உங்களால மீட்க முடியாது. திருத்தி எழுதினா இந்தக் கப்பல் கிடைக்காது. அடுத்த கப்பல்ல போனா ஜூன் மாசப் பந்தயம் முடிஞ்சிருக்கும்."

பந்தயமா, வண்டியா? எந்தப் பந்தயத்துக்காக இத்தனை பாடோ அந்தப் பந்தயமா? எந்த வண்டியில் போக இத்தனை பாடோ அந்த வண்டியா? யோசிக்க அவகாசம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "பந்தயம் வருசா வருசம் நடக்குமுங்க சார். என்ற வண்டி ஒண்ணுதானுங்க. திருத்திருங்க" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணை நான் பார்க்கக்கூடாது என்று.

கைப்பேசியில் சுரேஷை அழைத்தேன். என்ன சொன்னார் தெரியுமா? "தெரியாம உடலீங்க மேடம். தெரிஞ்சுதான் உட்டனுங்க. ரிட்டர்ன்னு எப்புடீங்க நான் என் கையால எழுதறது? நல்ல காரியத்துக்குப் போற வண்டிங்க!"

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரில் ரிட்டர்ன் என்பது சொல்லக்கூடாத சொல். கடல் தாண்டிய சரக்கு ரிட்டர்ன் ஆனால் அந்தக் கம்பெனியில் அன்று யாரும் சாப்பிட மாட்டார்கள். ஓட்டை விழுந்தது, சாயம் போனது, பெயர் கெட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல் அவள் வண்டியைத் தொடக்கூடாது என்று அன்பினால் அதை விட்டுவிட்டார் அந்த மனிதர். இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரராவது செய்வாரா?

அதிகாரி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். "ஏ தம்பி, நீ காலையில வீட்டுல இருந்து கெளம்பும்போது என்ன சொல்லுவ? போறேன்னா சொல்லுவ?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவாங்களா சார்? போயிட்டு வர்றேன்னுதானுங்க சொல்லுவேன்."

"அப்ப அதத்தான்டே இதுலயும் எழுதச் சொல்லுதோம்!"

எதிர்முனையில் மெதுவாக, "சரிங்க சார். ரிட்டர்ன்னே போட்டர்றனுங்க" என்று கேட்டது. மறுநாள் தானே பேருந்து ஏறி வந்தார். காகிதங்களை மாற்றினார். தலைகுனிந்து நின்றவரிடம் அன்புசெல்வி, "சைஸ மட்டும் மாத்தீராதீங்கண்ணா. எக்ஸ்எல்லே இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. சுரேஷ், எழுந்து நில்லுங்கள். இந்தக் கைதட்டல் உங்களுக்கு!

எங்கள் பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கப்பல் புறப்பட்டது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சொன்னாள்: "அதுல எத்தன பனியன் போகுதோ. ஒண்ணுகூட திரும்பி வராதுல்லீங்க நங்கை?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை, நண்பர்களே. எத்தனை கோடித் துணி இந்த ஊரிலிருந்து கடல் கடந்திருக்கும்! நாம் தைத்தோம், அவர்கள் உடுத்தினார்கள். நம்மில் சிலரும் கடல் கடந்தோம். எதற்கு? ஆர்டர் கேட்க, கண்காட்சியில் கடை போட, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க! பார்க்கப் போனோமா? ரசிக்கப் போனோமா? ஒரு மதிலில் ஏறி உட்கார்ந்து, வேடிக்கை பார்த்து, வாய்விட்டுக் கூவப் போனோமா? உழைப்பை அனுப்பத் தெரிந்த ஊர் இது; உல்லாசத்தையும் அனுப்பட்டும்! உலகத்துக்கு உடை கொடுத்த கை, உலகத்தின் சாலையில் ஒருமுறை ஆக்ஸிலேட்டரைத் திருகட்டும்! நம் பிள்ளைகள் போகட்டும். நம் டெய்லர்கள் போகட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு தைக்கிறவர்களும் ஒருநாள் போகட்டும்!

ஜூன் பந்தயம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அதே தீவில், அதே சாலையில், ஆகஸ்டு மாதமும் ஒரு பந்தயம் உண்டு. வாரமெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ஆசைக்காக ஓட்டுகிறவர்கள் பலர் வரும் பந்தயம் அது. அன்புசெல்விக்கு அதுதான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த கப்பலில் ஏறிய பெட்டி அந்தக் கரையில் இறங்கிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது. நாளை மறுநாள் அவள் விமானம் ஏறுகிறாள்; அவளை வழியனுப்பத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன், தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நேற்று அவளுடைய பவர் டேபிளுக்குப் போயிருந்தேன். நடக்க வழியில்லாமல் துணிக்கட்டுகள். மிஷினுக்கு அடியில்கூடக் கட்டு. ஆனால் வாசலை ஒட்டி ஒரு வண்டி நீளத்துக்குத் தரை மட்டும் காலி. ஒரு பெண் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே இறக்கப் போனாள். அருள்செல்வன் அண்ணன் ஓடி வந்தார்.

"அங்க வெக்காத கண்ணு. அது வண்டி எடம்."

அந்தக் காலியிடத்தைப் போலவே அவளுக்காக மனத்தில் இடம் வைத்து வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும், எங்கள் குடும்பத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.