சூட்டோடு ஊற்றிய மருந்து

ரசம் வைக்கத் தெரிந்த எவளும் முகத்துக்குப் பூசும் கிரீம் செய்யலாம், சார். ரசத்தைக் கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இதிலும் சூடுதான் எல்லாம்.

எண்ணெயையும் மெழுகையும் உருக்கி, சுட வைத்த தேயிலைத் தண்ணீரைச் சேர்த்துக் கடைந்தால் வெள்ளையாகத் திரண்டு வரும். பிறகு ஆற விட வேண்டும். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்ப்பேன். சுடாவிட்டால்தான் விட்டமினையும், கெடாமல் காக்கும் மருந்தையும் ஊற்றுவேன். சூட்டில் ஊற்றினால் இரண்டும் வீணாகிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைக் கிரீம்தான், ஆனால் உள்ளே கெடத் தொடங்கிவிடும்.

கியா பார்ம் சந்தையில் என் கிரீம் மேசையருகே நின்று விற்றுக் கொடுத்தவள் ரீட்டா. எஸ்டேட் லயத்தில் எனக்கு அடுத்த வீடு. வாய் சாமர்த்தியக்காரி. என் கன்னத்தில் கறுத்துக் கிடக்கும் மங்குத் திட்டைத்தான் நீங்களும் பார்க்கிறீர்களே, ஒருநாள் கிரீம் வாங்க வந்த பெண்ணும் அதையே பார்த்தாள். ரீட்டா சிரித்துக்கொண்டே, "செய்றவங்க மூஞ்சப் பாக்காதீங்கலா, கிரீமப் பாருங்க" என்றாள். பக்கத்து ஸ்ட்ராபெரிக் கடைவரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நல்ல வியாபாரம். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு ஒரே மகள், கிளாரிசா. குளிரில் பிள்ளையின் கன்னம் வெடித்துப் போயிருந்தது. "உமாக்கா, கடையில வாங்குனதெல்லாம் எரியுதுன்னு அழுவுறா. எனக்குச் செய்யச் சொல்லிக் குடுங்களேன்" என்று வந்து நின்றாள்.

நான் செய்ததிலேயே ஒரு டப்பா கொடுத்திருக்கலாம். சொல்லிக் கொடுத்தேன். அளவெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். "மருந்து ஊத்துறதுக்கு முன்ன ஆற விடணுமாக்கா?" என்று அவளே கேட்டாள்.

"நம்ம ஊருக் குளிருக்கு ஆற விட்டா கல்லாட்டம் இறுகிரும்லா. கொதிக்கக் கொதிக்க ஊத்திரு."

தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறவள். உடனே நம்பினாள்.

சில நாள் கழித்து டப்பாவோடு வந்தாள். "ஒரு மாதிரி வாடை வருதுக்கா. பிள்ளைக்குப் பூசலாமா?"

"தேயிலை வாடை அப்பிடித்தான் இருக்கும். விடாம பூசு" என்றேன். மூடியின் உள்பக்கம் கறுப்பாகப் பூத்திருந்தது. அவள் பார்ப்பதற்குள் ஸ்வெட்டர் கையால் துடைத்துக் கொடுத்தேன்.

வெடிப்பெல்லாம் சீழ் பிடித்தது. வீக்கம் கண்ணுக்கு ஏறியது. மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சல் விட்டது. இடது கண்ணில் பார்வை வரவில்லை.

"எங்கையாலேயே எம்பிள்ளையக் குருடாக்கிட்டேனேக்கா" என்று ரீட்டா என் மடியில் விழுந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இப்போதும் தினம் வருகிறாள்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார். பிள்ளைக்குத்தான் என்று தெரியும். கெடும் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ரீட்டாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?