சாம்பல் நிறக் கார்கள் மூன்று

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. பென்சில்வேனியாவின் வாரன் நகரில் இரவு முழுவதும் விழுந்த பனி விடியலில் நின்றிருந்தது. வானம் தெளிந்திருந்தது, ஆயினும் வெயிலில் சூடில்லை. ஹார்லன் பெக்கின் கார்க் கடைக்குள் பல் டாக்டர் யூஜின் நின்றிருந்தார்; அவர் மனைவி லூசில் இன்னும் வாசலில் இருந்தாள்.

— அதனாலதான் சொல்றேன் டாக்டர், சிவப்புக் காரோட நிறுத்திக்காதீங்க. வாசல்ல மூணு சாம்பல் கலர் கார் நிக்குதே, அதுல ஒண்ணையும் சேத்து எடுத்துக்கோங்க. என் பொழைப்பே அதுலதான் தொங்குது.

— என்ன ஹார்லன், ஸ்போர்ட்ஸ் கார் விக்கிற ஆளு, குடும்பக் காரைத் தள்ளிவிடப் பாக்குறே?

— நானா கேட்டேன்? இங்கிலாந்துக்காரன் தலையில கட்டுறான். ஸ்போர்ட்ஸ் கார் வேணும்னா கூடவே இதையும் எடுத்துக்கணுமாம். இன்னிக்கு மூணு மணிக்கு, இந்தக் காரெல்லாம் செய்யுற ஆல்டர்லி கம்பெனியோட ஆள் ஆஷ்வொர்த் வர்றார். அந்த மூணும் அப்படியே நின்னுச்சுன்னா, வசந்தத்துக்கு எனக்கு வரவேண்டிய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் பஃபலோவுல கடை வெச்சிருக்கிற டால்கிரெனுக்குப் போயிடும். அப்புறம் நான் சைக்கிள்தான் விக்கணும்.

— டால்கிரென்கிட்ட இந்தச் சாம்பல் கார் நிக்கலையா?

— நிக்குது. ஆனா அவன் எதை வேணா விப்பான். போன வருஷம் வரைக்கும் டிராக்டர் வித்தவன். சொல்லப்போனா, ரேஸ் மைதானத்துப் பக்கம் அவன் தலையைப் பாத்ததே இல்ல.

— மிஸ்டர் பெக், அந்தச் சாம்பல் கார் குளிர்ல ஸ்டார்ட் ஆகுமா?

— அட, உங்க வீட்டம்மாவும் உள்ள வந்தாச்சு. லூசில் மேடம், பனியில நின்னு ஏன் கஷ்டப்பட்டீங்க? அடுப்புப் பக்கம் உக்காருங்க. காபி இருக்கு.

— காபி அப்புறம். ஸ்டார்ட் ஆகுமா?

— ஆகும். அது மனசு வைக்கணும்.

— மலையேறுமா? ஜில்லா நர்ஸ் சங்கத்துக்கு நான்தான் பொறுப்பு. பழைய கார் எல்லாம் ஓஞ்சுபோச்சு. எங்க பொண்ணுங்க பையைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பண்ணைக்கெல்லாம் போகணும்.

— நல்ல சேவை மேடம், நல்ல சேவை. ஆனா அதுவாவது, மலையாவது. பாதிவழியில மூச்சு வாங்கி உக்காந்துடும். இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? டாக்டர், நீங்க இந்தச் சிவப்புல ஏறுங்க. கதவுக்கு வெளியே கைப்பிடி இருக்காது, உள்ளே கைய விட்டுத் திறக்கணும்.

— யூஜின், நான் ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— கேளு லூசில், கேளு. ஆனா இந்த ஸ்டீயரிங்கைப் பாரேன்.

— பாத்தேன். மிஸ்டர் பெக், உங்க போனை எடுத்துக்கலாமா?

— மேசைமேல இருக்கு. தாராளமா பேசுங்க. டாக்டர், சாவி இந்தாங்க. ஆத்தங்கரை ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்.

— கூரையைப் போட்டுக்கலாமா ஹார்லன்?

— கூரை போட்டு ஓட்டுறவனை நம்ம ஆளுங்க மதிக்கமாட்டாங்க. தொப்பிய இறுக்கிக்கோங்க. ம், மிதிங்க.

— கால் நனையுதே.

— கீழே ஒரு ஓட்டை உண்டு. சொல்லப்போனா, மேலேருந்து வந்த தண்ணி வெளியே போக வேணாமா?

— எதிர்ல ஒரு பச்சைக் கார். ஏன்யா லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறான்? முன்னாடி போலீஸா?

— போலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வணக்கம் வைக்கிறான். இந்த ஜாதிக் கார் ஓட்டுறவங்க வழியில பாத்துக்கிட்டா அப்படித்தான். கையக் காட்டுங்க.

— காட்டிட்டேன். அவனும் காட்டினான். ஹார்லன், இத்தனை வருஷம் இதே ரோட்டுல ஓட்டுறேன். எனக்கு யாரும் கை காட்டினதே இல்ல. பல் டாக்டரைப் பாத்தா ஜனங்க வாயத்தான் மூடிக்குவாங்க.

— முடிஞ்சது போங்க. இனிமே உங்களால இதை விடமுடியாது.

— சரி, எடுத்துக்கிறேன். சாம்பலை மட்டும் கேக்காதே.

— மேடத்துக்குன்னு ஒண்ணாவது எடுங்க டாக்டர். என் நிலைமை தெரியும்ல?

— உனக்கு அவளைத் தெரியாது. மலையேறாதுன்னு இப்பதானே சொன்னே? அவ மறக்கமாட்டா.

— அது சும்மா பேச்சு. நல்லாவே ஏறும். உண்மையச் சொன்னா இதைவிட நல்லா ஏறும். அதை வாயால சொல்லிட்டு நான் எப்படி ஸ்போர்ட்ஸ் கார் விக்கிறது?

— அது உன் பாடு. கடை வந்தாச்சு, இறங்கு. லூசில், என் மூக்கு இருக்கா பாரு.

— இருக்கு. சிவந்துபோயிருக்கு. மிஸ்டர் பெக், உங்க போன்ல பஃபலோவுக்குப் பேசினேன்.

— பஃபலோவுல யாரு மேடம்?

— டால்கிரென். நீங்கதானே அவர் பேரைச் சொன்னீங்க. குளிர்ல ஸ்டார்ட் ஆகுமான்னு கேட்டேன்; ராத்திரியில பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்கன்னார். மலையேறுமான்னு கேட்டேன், நர்ஸ் பை என்ன எடை இருக்கும்னு திருப்பிக் கேட்டார். மூணு கார் வேணும்னு சொல்லிட்டேன். அவரே ஆளுங்களோட ஓட்டிக்கிட்டு வர்றாராம்.

— மூணா? மேடம், என் வாசல்ல மூணு நிக்குதே. அதே கார். அதே கலர்.

— அதேதான். நீங்க ஏறாதுன்னீங்க. அவர் ஏறும்னார்.

— ஏறும் மேடம், நானும் சொல்றேன், ஏறும். வழியிலயே டாக்டர்கிட்ட சொன்னேன், கேட்டுப் பாருங்க.

— சொன்னான் லூசில்.

— உன்கிட்ட சொல்லியிருக்கார். கேட்டது நான்.

— என் தப்புதான் மேடம். கால்ல வேணா விழறேன். இன்னொரு தடவை போன் போட்டு அவனை வேணாம்னு சொல்லிடுங்க. மூணு மணிக்கு ஆஷ்வொர்த் வந்து நிப்பார்.

— வரமாட்டார். காலையிலேருந்து அவர் டால்கிரென் கடையிலதான் இருக்கார். நான் பேசி முடிச்சதும் போனை அவரே வாங்கி, எங்கேயிருந்து பேசறீங்கன்னு கேட்டார். பெக் கடையிலேருந்துன்னேன். அங்க அதே கார் மூணு நிக்குமேன்னார், நிக்குதுன்னேன். அப்புறம், இனி வாரனுக்கு வர்ற வேலை இல்லைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அப்ப உங்க சுவர்க் கடிகாரத்துல மணி பதினொண்ணு நாப்பது.